கேட்டு சாத்தியாச்சு, ஒரு டீ சாப்பிடுங்க

வாங்க தம்பி. என்ன, கண்ணு ரெண்டும் கோவைப்பழமாச் செவந்து கிடக்கு? வீட்டுல அந்தப் புள்ளையோட ஏதும் மல்லுக்கட்டா? ஓ, ரயிலா! நான் வேற என்னமோன்னு பயந்துபோனேன். உக்காருங்க. அந்த ஓரத்துல வேண்டாம், பெஞ்சுக்கு அந்தக் காலு கொஞ்சம் ஆட்டம். இங்கிட்டு வாங்க.

கையில என்ன காயிதம்? மனுவா? வாசிங்க கேப்போம். "இரவு நேரங்களில் தொடர்வண்டிகள் எழுப்பும் பேரொலியினால்..." அடேங்கப்பா! பேரொலின்னு எழுதினா வாசிக்கிற அதிகாரி ஏதோ திருவிழா அழைப்புன்னு நினைச்சு ஓரமா வச்சிருவாரு. ஹார்ன் சத்தம்னு எழுதுங்கப்பு, புரியும். தபாலாபீசு மூடுறதுக்குள்ள பதிவுத் தபால்ல சேர்க்கணுமா? சேர்க்கலாம். ரயில்வே கேட்டைத் தாண்டுனா அஞ்சு நிமிசம்தானே. முதல்ல ஒரு டீ சாப்பிடுங்க.

எனக்கு எழுவத்தொம்போது வயசாகுது. காரைக்குடிக்கும் கோட்டையூருக்கும் நடுவுல, இந்தத் தண்டவாளத்துக்கு எட்டுன தூரத்துலயே பொறந்து, ஆடு மேய்ச்சு, கல்யாணம் கட்டி, பேரன் பேத்தி எடுத்தாச்சு. அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. இந்த மனையைக் காட்டுறதுக்குப் புரோக்கர் உங்களை எத்தனை மணிக்குக் கூட்டியாந்தாரு? பகல் பதினோரு மணிக்கா? அதானே பார்த்தேன். ரெண்டு ரயிலுக்கு நடுவுல ஊரே கப்சிப்னு கிடக்குற நேரமாப் பார்த்துக் கூட்டியாந்திருக்காரு. நீங்களும் வேப்பமரக் காத்துல நின்னுக்கிட்டு, "ஆகா, என்ன அமைதி"ன்னு சொல்லியிருப்பீக. சொன்னீகளா இல்லையா? சொன்னதுக்கு நான் சாட்சி. அன்னைக்கு என் ஆடு உங்க மனையிலதான் மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

அவரு குடுத்த நோட்டீசு இன்னும் இருக்கா? "ரயில் நிலையத்துக்கு மிக அருகில்"னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாரே. மனை விக்கிற நோட்டீசுல உண்மைன்னு ஏதாச்சும் அச்சாயிருக்குன்னா அது அந்த ஒரு வரிதான். "மிக அருகில்"ங்கிறதுக்கு என்ன அர்த்தம்னு நீங்க கேக்கலை, அவரும் சொல்லலை. சென்டுக்கு எவ்வளவு குறைச்சு வாங்குனீக? அந்தக் குறைஞ்ச காசு எங்கே போச்சுன்னு நினைக்கிறீக? அது எங்கேயும் போகலை. நடுச்சாமத்துக்கு மேலே ராமேசுவரம் வண்டியாகவும், விடியுமுன்னே பல்லவன் வண்டியாகவும் வந்து தினம் தவணை கட்டிட்டுப் போகுது.

ரயில்வே எல்லையிலேருந்து முப்பது மீட்டருக்குள்ள வீடு கட்டணும்னா அவுககிட்ட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு காயிதம் வாங்கணுமாம். என் பேரன் சொன்னான். பாருங்க, அவுகளுக்கு ஆட்சேபணை இல்லையான்னு நாம கேட்டோம். நமக்கு ஆட்சேபணை உண்டான்னு நாம நம்மளைக் கேட்டுக்கிட்டோமா?

அதை விடுங்க. வீட்டைக் கட்டுனீகளே, அதுல ஒரு வேலை பார்த்திருக்கீக பாருங்க, அதை நினைச்சா எனக்கு ராத்திரியில தனியாச் சிரிப்பு வருது. படுக்கிற ரூமை எங்கே வச்சீக? தண்டவாளத்தைப் பார்த்து. அதுக்கு ஒரு பால்கனி. பால்கனிக்குத் தள்ளுற மாதிரி அலுமினியச் சன்னல், அதுல விரல் நுழையுற சந்து. ஏன்னு கேட்டதுக்கு "வியூ நல்லா இருக்கும் பெரியப்பா"ன்னீக. வியூவுக்கும் காது உண்டுன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன். கொத்தனாருக்கு முன்னாடி உங்களை மட்டம் தட்ட வேண்டாமேன்னு விட்டுட்டேன்.

நம்ம பக்கத்து நாட்டுக்கோட்டை வீடுகளைப் பார்த்திருக்கீகள்ல? முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அந்தத் தெருவுல முடியும். சுண்ணாம்பை அரைச்சு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கருன்னு சேர்த்துப் பூசுன சுவரு. வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அடுப்படியில இருக்குற ஆச்சிக்குக் கேக்காது. அதுல பாதி வீடு கட்டுறப்போ இங்கே ரயிலே கிடையாது. கானாடுகாத்தான் அரண்மனை 1912ல. ரயிலு வந்தது 1930ல. இல்லாத ரயிலுக்கு அவுக அவ்வளவு கனமாச் சுவரு வச்சாக. கண்ணுக்கு முன்னாடி ஓடுற ரயிலுக்கு நீங்க கண்ணாடி வச்சிருக்கீக.

அந்த 1930 கதையை எங்க ஐயா சொல்லக் கேக்கணும். அவுக அப்போ கோவணம் கட்டுன பையன். திருச்சியிலேருந்து புதுக்கோட்டை வரைக்கும் முந்தின வருசமே ரயிலு வந்திருச்சு. அதுக்கு மறு வருசம் புதுக்கோட்டையிலேருந்து காரைக்குடி, சிவகங்கை வழியா மானாமதுரை வரைக்கும் தடம் போட்டு முடிச்சாக. மீட்டர்கேஜு. ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல சரியா ஒரு மீட்டர், நம்ம மாட்டு வண்டித் தடத்தைவிடக் குறுகல். முதல் வண்டி வர்ற அன்னைக்கு ஊரே ரயிலடியில கூடி நின்னுச்சாம். வண்டி வந்து நின்னு நீராவியைப் புஸ்ஸுன்னு விட்டதும் முன்வரிசையில நின்ன பெரிய பெரிய மீசை எல்லாம் பின்வரிசைக்குப் போயிருச்சுன்னு ஐயா சொல்வாக. ஒரு கிழவி மட்டும் நின்ன இடத்துலேருந்து அசையலையாம். தைரியசாலின்னு நினைச்சு எல்லாரும் கையெடுத்துக் கும்புட்டிருக்காக. அப்புறம்தான் தெரிஞ்சுச்சாம், அந்த ஆத்தாவுக்குக் காது கேக்காதுன்னு. உங்களுக்கு நான் சொல்ல வந்த முதல் வைத்தியம் அதுதான், ஆனா அதுக்கு இன்னும் இருவது முப்பது வருசம் பொறுக்கணும்.

நான் பையனா இருந்தப்போ போட் மெயிலு போகும். மெட்ராசுல ஏறுனா நேரா தனுஷ்கோடி, அங்கே கப்பலு, அந்தக் கரையில தலைமன்னாரு, மறுபடி ரயிலு, கொழும்பு. கொண்டுவிக்கப் போற வீட்டு ஆளுக தகரப் பெட்டியும் மெத்தைச் சுருளும் முறுக்கு டின்னுமா நிப்பாக. வழியனுப்ப வந்த ஆச்சிமாரு அழக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பாக. வண்டி ஒரு ஊது ஊதும். அந்தச் சத்தத்துல யாரு அழுதாலும் வெளிய தெரியாது. அதுக்குன்னே ஊதுறாகன்னு நான் ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். 1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி அடிச்ச புயல்ல தனுஷ்கோடி போச்சு. பாம்பன்லேருந்து அங்கே போன பாசஞ்சர் வண்டியையே கடல் அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. அதுக்கப்புறம் ராமேசுவரத்துலேருந்து கப்பலு ஓடுச்சு, எண்பத்தி நாலு வாக்குல அதுவும் நின்னுச்சு. போட்டு போயி நாப்பது வருசம் ஆகுது. மெயிலு மட்டும் இன்னும் போட் மெயிலுன்னு பேரு வச்சுக்கிட்டு ஓடுது. நம்ம ஊர்ல ஜமீன் போன வீட்டை இன்னும் ஜமீன் வீடுங்கிறோமில்ல, அந்தக் கணக்கு.

சரி, கதை கிடக்கட்டும். உங்க வியாதிக்கு வருவோம். ராத்திரி உங்களை எழுப்புறது எந்தச் சத்தம்? "எல்லாம்"னு பொத்தாம் பொதுவாச் சொல்லாதீக. வைத்தியர்கிட்ட போயி உடம்பு பூரா வலிக்குதுன்னா அவரு என்ன செய்வாரு? ரயிலுச் சத்தத்துல மூணு சாதி உண்டு.

முதல்ல தண்டவாளத்துச் சத்தம். அந்தக் காலத்துல தடக்குத் தடக்குன்னு தாளம் போட்டுக்கிட்டுப் போகும். தண்டவாளத்தைத் துண்டு துண்டாப் போட்டு, ஃபிஷ் பிளேட்டு வச்சு முடுக்கி, நடுவுல கொஞ்சம் சந்து விட்டிருப்பாக. நம்ம ஊரு வெயிலுக்கு இரும்பு நீளும்ல, அது நீளுறதுக்கு இடம் வேணும்ல, அதுக்குத்தான். சக்கரம் அந்தச் சந்துல விழுந்து ஏறுறதுதான் தாளம். எங்க ஊர்ப் புள்ளைக எல்லாம் தூளியில அந்தத் தாளத்துக்குத்தான் தூங்குச்சுக. இப்போ அகலப்பாதை. 2007, 2008ல மாத்துனாக. தண்டவாளத்தை நீள நீளமா ஒட்டவச்சு, காங்கிரீட்டு கட்டை மேல படுக்கப் போட்டுட்டாக. தாளம் போச்சு, இப்போ ஒரே இழுவைதான், சர்ர்ருன்னு. பழைய ஆளுக எங்களுக்கு அதுதான் குறை. நீங்க சத்தம் அதிகம்கிறீக, நான் தாளம் இல்லைங்கிறேன். ஒரே ரயிலைப் பத்தி ரெண்டு மனு போகப் போகுது.

ரெண்டாவது எஞ்சின் சத்தம். கரி எஞ்சின் மூச்சு வாங்கும். டீசல் எஞ்சின் ஸ்டேசன்ல நிக்கிறப்போகூடக் கும்மு கும்முன்னு வயித்துக்குள்ள உருமும், எங்க வீட்டு அலமாரியில டம்ளரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிரும். இப்போ மேலே கம்பி கட்டிக் கரண்டுல விட்டுட்டாக. வர்றதே தெரியலை. நீங்க வந்ததே அதுக்கப்புறம்தான். அதாவது சத்தம் முக்கால்வாசி செத்த பெறகு வந்து, மிச்சம் கிடக்குற காவாசிக்கு மனு எழுதுறீக.

மூணாவதுதான் உங்க எதிரி. ஹார்ன்.

அந்தா பாருங்க, வடக்கே தண்டவாளத்தை ஒட்டி ஒரு மஞ்சப் பலகை தெரியுதா? கருப்புல டபிள்யூ, எல்லுன்னு எழுதியிருக்கும், கூட இந்தியிலயும் இருக்கும். கேட்டுக்கு அறுநூறு மீட்டர் முன்னாடி அதை நட்டிருக்காக. "இங்கேருந்து ஊத ஆரம்பி, முன்னாடி லெவல் கிராசிங் இருக்கு"ன்னு அர்த்தம். எங்க ஊர்ப் பெருசு ஒருத்தர் அது ஏதோ அரசியல் கட்சி விளம்பரம்னு ரொம்ப நாளு நினைச்சுக்கிட்டு இருந்தாரு. டிரைவர் ஆசைக்கு ஊதலை தம்பி. அவருக்கும் தூக்கம் வருது, அவருக்கும் வீட்டுல புள்ளைக தூங்குதுக. பலகையைப் பார்த்தா ஊதணும், ஊதாம வந்து ஏதாச்சும் ஆச்சுன்னா முதல் கேள்வி அவரைத்தான் கேப்பாக. நூறு கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி பிரேக்கு போட்டா முக்கா, ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் நிக்கும். அவரு கையில இருக்குறது ரெண்டே சாமான், பிரேக்கு ஒண்ணு, ஹார்ன் ஒண்ணு. பிரேக்கு லேட்டாத்தான் கேக்கும்.

யாருக்காக ஊதுறாரு? ஆட்டுக்காகவா? என் ஆட்டுக்கு ஹார்ன் தேவையில்லை. ஒருக்கா, வெகு நாளைக்கு முன்னாடி, ஒரு கெடாக்குட்டியைத் தடத்து மேல விட்டுட்டு நான் மரத்தடியில அசந்துட்டேன். குட்டி போச்சு. தப்பு என் மேல. அன்னையிலேருந்து மத்த ஆடுக தண்டவாளம் லேசா அதிர்ந்தாலே விலகிரும், நான் பார்த்திருக்கேன். நம்மாளு இருக்காரே, அவரு வேற ரகம். கேட்டு சாத்தியிருக்கும். ரெண்டு பக்கமும் வண்டி நிக்கும். இவரு மட்டும் பைக்கைச் சாய்ச்சு, தலையைக் குனிஞ்சு, வளைஞ்சு, நெளிஞ்சு, காதுல ஒரு போன், அதுல "இந்தா வந்துட்டேன், வந்துட்டேன்"னு யாருக்கோ பதிலு. எங்கே வந்துட்டான்? எமன்கிட்டயா? பின்னாடி சீட்டுல பொண்டாட்டி, அவ மடியில புள்ளை. ரெண்டு நிமிசம் மிச்சம் பிடிச்சு என்ன செய்யப் போறான்னு பின்னாலேயே போயிப் பார்த்தேன். இதே கடையில உக்காந்து அரைமணி நேரம் பேப்பர் படிச்சான்.

ரயில்வே சட்டம்னு 1989ல போட்டிருக்காக. அனுமதி இல்லாம தண்டவாளத்துல நடந்தா ஆறு மாசம் வரைக்கும் உள்ள வைக்கலாம், இல்லேன்னா ஆயிரம் ரூவா வரைக்கும் அபராதம். அதை ஒழுங்கா நடத்தினா காரைக்குடி வட்டாரத்துல ஓட்டுப் போட ஆள் இருக்காது, எல்லாரும் உள்ளேதான் இருப்போம். நானும்தான். விடியக்காலம் கம்மாக்கரைக்குப் போக அதுதானே குறுக்கு வழி.

"அப்போ கேட்டை எடுத்துட்டுச் சுரங்கப்பாதை கட்டட்டும், ஹார்ன் நின்னுரும்ல?" அப்படிங்கிறீகளா? நல்ல யோசனை. மனுவுல அதையும் சேர்த்துக்குங்க. அகலப்பாதையில ஆளில்லாத கேட்டே இருக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணி 2019 தொடக்கத்துல எல்லாத்தையும் ஒழிச்சாச்சு. அதுல நிறைய இடத்துல தடத்துக்கு அடியில பள்ளம் தோண்டிப் பாதை போட்டாக. கோடையில போயிப் பாருங்க, மாளிகை மாதிரி இருக்கும். ஐப்பசி கார்த்திகையில போயிப் பாருங்க, ஊருணி மாதிரி இருக்கும். நம்ம முன்னோருக ஊருணி வெட்டுறப்போ தண்ணி வர்ற வரத்துக்கால் எங்கே, போற கலுங்கு எங்கேன்னு வருசக்கணக்கா யோசிச்சாக. இங்கே ஒருத்தரும் யோசிக்காமலே வெட்டுன பள்ளத்துல தண்ணி தானா வந்து நிக்குது. அதுல மீன்குஞ்சு விடலாமான்னு எங்க பஞ்சாயத்துல ஒருத்தர் நிசமாவே கேட்டாரு.

சிரிக்கிற விசயம் மட்டும் இல்லை தம்பி. 2021 செப்டம்பர்ல புதுக்கோட்டை மாவட்டத்துல துடையூர் சுரங்கப்பாதையில ராத்திரி மழைத் தண்ணியில கார் மாட்டிக்கிட்டு ஒரு பெண் டாக்டர் உசுரு போச்சு. இங்கேருந்து எவ்வளவு தூரம்? அடுத்த மாவட்டம். அதனால ஹார்ன் வேண்டாம்னு எழுதுறப்போ அதுக்குப் பதிலா என்ன வேணும்னும் எழுதுங்க. மேம்பாலம் கேளுங்க. சுரங்கப்பாதைன்னா தண்ணி போற வழியைக் காட்டுற வரைபடத்தோட கேளுங்க.

டீ ஆறுது, குடிங்க.

சத்தமே போடாம, யாரையும் அவசரப்படுத்தாம, மரியாதையா ஓடுற ரயிலு வேணும்னா அதையும் நம்ம ஊரு பார்த்திருச்சு. திருவாரூர் தடம். அறந்தாங்கியிலேருந்து காரைக்குடிக்கு 1952ல வந்த தடம் அது. அகலப்பாதை ஆக்குறோம்னு 2012ல நிறுத்துனாக. பட்டுக்கோட்டை வரைக்கும் வர்றதுக்கு 2018 ஆச்சு, திருவாரூர் வரைக்கும் 2019. ஏழு வருசம் அந்தப் பக்கம் மனை வாங்குனவுக எல்லாம் ராசா மாதிரித் தூங்குனாக. அப்புறம் விட்டாக பாருங்க ஒரு வண்டி! கேட்டு நிறைய, கேட்டுக்காரர் பத்தலை. என்ன செஞ்சாக? கேட்டுக்காரரையே ரயில்ல ஏத்திட்டாக. கேட்டுக்குக் கிட்ட வந்ததும் வண்டி நிக்கும். முன்னாடி இருக்குறவர் இறங்கிப் போயிக் கேட்டைச் சாத்துவாரு. வண்டி மெதுவாத் தாண்டி மறுபடி நிக்கும். பின்னாடி இருக்குறவர் இறங்கிக் கேட்டைத் திறந்து விட்டுட்டு ஓடியாந்து ஏறிக்குவாரு. அடுத்த கேட்டு வந்ததும் மறுபடியும் அதே கூத்து. நூத்தம்பது கிலோமீட்டர் போக ஆறு மணி நேரத்துக்கும் மேலே. பொண்ணு பார்க்கப் போன ஒரு குடும்பம் போயிச் சேர்றதுக்குள்ள பொண்ணுக்கு வேற இடத்துல நிச்சயமாயிருச்சுன்னு எங்க ஊர்ல ஒரு கதை உண்டு. கதைதான், நான் கட்டுனது.

உங்களுக்கு அந்த வண்டிதான் பிடிச்சிருக்கும். ஆனா அதுல ஏறியிருக்க மாட்டீக, பஸ்ஸுல போயிருப்பீக.

அப்புறம் மனுவுல அதென்ன, டெசிபல்னு ஏதோ போட்டிருக்கீக? குடியிருக்குற பகுதியில பகல்ல 55, ராத்திரி 45ன்னு 2000ல விதி இருக்கா? சரிதான். உலக சுகாதார நிறுவனம் 2018ல ஐரோப்பாவுக்குச் சொன்ன கணக்குல ரயிலுச் சத்தம் ராத்திரி 44க்கு மேலே கூடாதாம், அதுவும் பேரன்தான் சொன்னான். அவுக 44, நாம 45, ஒண்ணுதான் வித்தியாசம். பரவாயில்லையே, சட்டப் புத்தகத்துல நாமளும் ஐரோப்பாதான். நான் ஒரு மெசினை வாங்கியாந்து எங்க வீட்டு வாசல்ல வச்சுப் பார்க்கணும்னு இருக்கேன். ரயிலு வர்றதுக்கு முன்னாடியே எங்க தெரு நாயி அம்பதைத் தாண்டிரும்.

ஆடி மாசம் பூரா அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கி உங்க மொட்டை மாடியைப் பார்த்துத்தான் கட்டியிருந்துச்சு. அதுக்கு மனு எழுதுனீகளா? காலையில நாலரைக்கு ஆரம்பிச்சாக. நீங்க என்ன செஞ்சீக? நூத்தியொரு ரூவா நன்கொடை குடுத்தீக, உங்க பேரையும் அதே குழாயில வாசிச்சாக, நீங்க வாசல்ல நின்னு கேட்டீக. எத்தனை டெசிபல்னு அன்னைக்குத் தெரியலை, இனிப்பா இருந்துச்சு. சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போயிட்டு வந்து மூணு நாளு தொண்டை கட்டிக் கிடந்தீகளே, அது? ரயிலு உங்க பேரைச் சொல்லி ஊதலை, அதுதான் உங்க கோவம்னு நினைக்கிறேன்.

என் பேத்தி மாப்பிள்ளை அமெரிக்காவுல டெக்சாசுல இருக்காரு. அவரு வீட்டுக்குப் பின்னாடியும் தண்டவாளம். அங்கே 2005ல ஒரு விதி கொண்டாந்தாகளாம். கேட்டுக்கு முன்னாடி பதினஞ்சுலேருந்து இருவது செகண்டு ஊதணும். ரெண்டு நீளம், ஒண்ணு குட்டை, மறுபடி ஒரு நீளம். சத்தம் 96 டெசிபலுக்குக் குறையவும் கூடாது, 110க்கு மேலே போகவும் கூடாது. ஊதவே வேண்டாம்னா ஊரே சேர்ந்து அமைதிப் பகுதின்னு கேட்டு வாங்கிக்கலாம். ஆனா சும்மா குடுக்க மாட்டாகளாம். கேட்டைச் சுத்தி ஒருத்தரும் புகுந்து வர முடியாதபடி நாலு பக்கமும் தடுப்பு, இல்லேன்னா நடுவுல கட்டைன்னு ஏதாச்சும் போட்டுக் காமிக்கணும். அதாவது, உங்க ஊரு ஆளுக குனிஞ்சு வர மாட்டாகன்னு முதல்ல நிரூபி, அப்புறம் ஊதுறதை நிறுத்துறோம்கிறாக. நம்ம ஊர்ல அப்படிக் கேட்டா, யாரு முன்னாடி வந்து கையெழுத்துப் போடுவாக? நான் போட மாட்டேன். என் மூத்த மகனை எனக்குத் தெரியும்.

சரி, விளையாட்டு போதும். கேக்குறதுன்னா ரெண்டு விசயம் சொல்றேன், காசு கேக்க மாட்டேன். படுக்கையை மாத்துங்க. தெக்குப் பக்கத்து ரூம்ல நெல்லு மூட்டையும் உடைஞ்ச சைக்கிளும் வச்சிருக்கீகள்ல, அதைத் தூக்கிப் பால்கனி ரூம்ல போட்டுட்டு நீங்க அங்கே படுங்க. உடைஞ்ச சைக்கிளுக்கு வியூ போதும். நடுவுல ரெண்டு சுவரு வந்தாலே பாதிச் சத்தம் தங்கிரும். அந்த அலுமினியச் சன்னலுக்கு மரச் சட்டத்துல ரெண்டாவது கதவு ஒண்ணு போடச் சொல்லுங்க. பழைய வீடு இடிக்கிற சாமான் விக்கிற கடையில பர்மாத் தேக்குக் கதவே கிடைக்கும். பழசுன்னு பேரம் பேசாதீக, அதுக்குத்தான் விலை அதிகம். சந்து விட்ட இடத்தை அடைங்க. காத்து நுழையுற சந்துல சத்தமும் நுழையும். மரம் நடுங்க, நல்லதுதான். ஆனா நாலு வேப்பங்கன்னு சத்தத்தைத் தடுக்கும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீக. மரம் ரயிலை மறைக்கும். கண்ணுக்குத் தெரியலைன்னா காதுக்குக் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கும், அம்புட்டுதான்.

மார்கழியில இன்னும் அதிகமாக் கேக்கும், அப்போ வந்து என்னைத் திட்டாதீக. விடியக்காலத்துல தரை குளுந்து கிடக்கும், மேல் காத்து கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கும். சத்தம் மேலே போகாம வளைஞ்சு திரும்பவும் கீழயே வரும். செட்டிநாடு ஸ்டேசன்ல ஊதுறது நம்ம தலைமாட்டுல கேக்கும். அதை வச்சு நாங்க காத்து எந்தப் பக்கம்னு சொல்லிருவோம். வடக்கு ஹார்ன் தெளிவாக் கேட்டா வாடை இறங்கிருச்சு, ஆட்டைப் பட்டியில அடைன்னு அர்த்தம்.

இன்னும் என்னென்ன உபயோகம் உண்டு தெரியுமா? விருந்தாளி வந்து எந்திரிக்கவே மாட்டேங்குறாரா? ராத்திரி பல்லவன் உள்ளே நுழையுறப்போ, "அய்யய்யோ, மணி இம்புட்டு ஆச்சா"ன்னு எந்திரிங்க. கடன் கேக்க வந்தவர் தொகையைச் சொல்ற நேரத்துல வண்டி வந்துச்சுன்னா, "என்ன சொன்னீக, கேக்கலையே"ன்னு மூணு தடவை கேளுங்க. நாலாவது தடவை அவரே தொகையைக் குறைச்சுச் சொல்லுவாரு. வீட்டுல அந்தப் புள்ள கோவத்துல ஏதாச்சும் சொல்லிப்புட்டா, ரயிலுச் சத்தத்துல காதுல விழலைன்னு சாதிங்க. எனக்கு அம்பத்தி மூணு வருசக் குடித்தனம் அப்படித்தான் ஓடுச்சு. அவளுக்கு இது தெரியாதுன்னு நினைச்சேன். போன வருசம் சொல்றா, "நானும் ரயிலு வர்றப்போதான் பேசுவேன், எனக்கும் பதில் வேண்டாம்னு"ங்கிறா.

உடம்புக்கு முடியாத பெரியவுக, பச்சைப் புள்ளை, பரீச்சைக்குப் படிக்கிற புள்ளை இவுகளுக்கு இது நிசமான தொந்தரவுதான், அதை நான் மறுக்கலை. அவுகளுக்காக மனு எழுதுங்க, நானும் கைநாட்டு வைக்கிறேன். கைநாட்டுன்னா நிசமான கைநாட்டு இல்லை, மூணாங்கிளாசு படிச்சிருக்கேன்.

இதெல்லாம் சரிப்படாது, ரயிலடிக்குப் பக்கத்துலயும் இருக்கணும், சத்தமும் கூடாதுங்கிறீகளா? அதுக்கும் ஒரு இடம் இருக்கு. மதுரையிலேருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாக் காரைக்குடிக்கு ஒரு தடம் வருது. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளா வந்துக்கிட்டே இருக்கு. அளந்தாக, மறுபடி அளந்தாக, அறிவிச்சாக, தேர்தலுக்குத் தேர்தல் மேடையில ஓடுது. தரையில மட்டும் ஒரு கட்டைகூடப் போடலை. அந்தத் தடத்தோரமா ஒரு மனை வாங்கிப் போடுங்க. ஹார்ன் கிடையாது, அதிர்வு கிடையாது, கேட்டு கிடையாது. உங்க பேரன் காலம் வரைக்கும் நிம்மதியாத் தூங்கலாம். நோட்டீசுலயும் "ரயில் நிலையத்துக்கு மிக அருகில்"னு போட்டுக்கலாம். அந்தப் புரோக்கரையே கேளுங்க, அவருகிட்ட அங்கேயும் மனை இருக்கும்.

என்ன, மணியைப் பார்க்கிறீக? தபாலாபீசா? அட, பேச்சு சுவாரசியத்துல கேட்டு சாத்துனதைக் கவனிக்கலையே நாம. ஒரு அஞ்சு நிமிசம்தான், இன்னொரு டீ சொல்றேன். ஏப்பா, தம்பிக்கு ஒரு டீ, சீனி கம்மி.

தம்பி... தம்பி! எங்கே போறீக? மனுவைச் சட்டைப் பையில சொருகிக்கிட்டு வண்டியை ஏன் சாய்க்கிறீக? அடப் பாவி மனுசா, தலையை நிமித்துங்க. பின்னாடி வாங்க. அந்தா, மஞ்சப் பலகைகிட்ட ஊதுறாரு பாருங்க, உங்களுக்குத்தான்.